தில்லியைக் கட்டியவர்கள்: பயணக் கட்டுரைகளின் இலக்கணம் பற்றி

தமிழில் தில்லிப் பயணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. வார இதழ்களிலும் தீபாவளி மலர்களிலும் சொந்தச் செலவில் போட்ட சிறு புத்தகங்களிலுமாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், ராஜ்காட், பிர்லா மந்திர், 2005க்குப் பிறகு அக்‌ஷர்தாம். எந்த மன்னன் கட்டினான், எத்தனை அடி உயரம், எங்கே இட்லி கிடைத்தது. எங்கள் துவாக்குடிப் பக்கம் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு தில்லி போய்வந்த தொழிலாளிகள் சொல்வதும் இதேதான். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஸ் நின்ற இடத்தில் இறங்கினார்கள், கைடு சொன்னதைக் கேட்டார்கள். எழுதுகிறவர்களும் அதே பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் நம் புகார்.

இந்தக் கட்டுரைகளின் அரசியல் அவற்றின் வாக்கியங்களிலேயே இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக் கருத்தாவை இரண்டாகப் பிரித்துப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒன்று ஏவுதல் கருத்தா, மற்றது இயற்றுதல் கருத்தா. 'ஷாஜகானால் செங்கோட்டை கட்டப்பட்டது' என்றால் ஷாஜகான் ஏவியவன். 1639இல் தொடங்கி 1648இல் முடிந்த அந்தக் கோட்டைக்கு அவன் ஒரு கல்லையும் சுமக்கவில்லை. சுமந்தவன் இயற்றுதல் கருத்தா. பயண இலக்கியத்தில் அவனுக்கு வாக்கியமே கிடையாது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லணைக்கும் இதே கதிதான். கரிகாலன் பேரு இருக்கு, சேத்துல இறங்கி நின்னவன் பேரு எங்கே? இலக்கணம் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. ஒருவனைத் துரத்திவிட்டது இலக்கியம்.

'தகவல் கிடைக்கவில்லை' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். தேடினால்தானே கிடைக்கும்? குதுப்மினாரிலேயே, பெரோஸ் ஷா துக்ளக் காலத்தில் இடி விழுந்து பழுதுபார்த்த வேலை பற்றி, கைவினைஞர்களின் பெயரோடு 1369ஆம் ஆண்டு நாகரி எழுத்துப் பொறிப்பு உண்டு. உயரத்தை அடிக்கணக்கில் எழுதியவர்கள் இந்தப் பெயர்களை எழுதவில்லை.

அவ்வளவு பழைய காலத்துக்கும் போக வேண்டாம். 1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியில் ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. கட்டியவர்கள் வெளிமாநிலங்களிலிருந்து ஜமேதார்கள் கூட்டிவந்த கூலிகள். ஒரு நாளைக்குச் சட்டக்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் எடுத்துக்கொண்டான். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் (பி.யு.டி.ஆர்.) இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் அந்த ஆண்டே தீர்ப்புச் சொன்னது. இயற்றுதல் கருத்தா சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டான். பயணப் புத்தகத்துக்குள் மட்டும் இன்னும் வரவில்லை.

அடுத்து மந்திர் மார்க். பிர்லா மந்திரை 1939இல் காந்தி திறந்துவைத்தார், எல்லாச் சாதிக்கும் அனுமதி உண்டு என்ற நிபந்தனையோடு. இதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே தெருவில் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பை ஒட்டி வால்மீகி மந்திர் இருக்கிறது. 1946-47இல் காந்தி பல மாதங்கள் அங்கே தங்கினார். பஸ் அங்கே நிற்பதில்லை. தேடிப்போய் எழுதிய ஒன்றிரண்டு பேரும் காந்தியின் எளிமையைத்தான் வியக்கிறார்கள். அவர் வருவதற்கு முன்னும் போன பின்னும் தலைநகரத்தின் பீயை அள்ளிய மக்கள் அந்தப் பக்கங்களில் பின்னணிச் சித்திரம், அவ்வளவுதான்.

இனி நம்முடைய எழுத்துக்கு வருவோம். 26, அலிப்பூர் சாலை. 1951இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டு வெளியேறிய அண்ணல் அம்பேத்கர் வாழ்ந்த இடம். 1956 டிசம்பர் 6 அன்று இறந்ததும் அங்கேதான். அவர் இருந்த வீடு இப்போது இல்லை. திறந்த புத்தக வடிவில் புதுக்கட்டடம் எழுப்பி 2018 ஏப்ரல் 13 அன்று திறந்தார்கள். நம்ம ஆளுக அங்கே போய்வந்து எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. திறந்துவைத்தது யார், கட்டடம் எவ்வளவு பிரம்மாண்டம் என்று இவர்களும் ஏவுதல் கருத்தாவுக்கே மாலை போடுகிறார்கள். 'புத்தரும் அவர் தம்மமும்' கைப்பிரதியைத் தட்டச்சு செய்த நானக் சந்த் ரத்து பற்றி ஒரு வரி வேண்டாமா? உடல் தளர்ந்த அந்தக் கடைசி ஆண்டுகளில் அண்ணலின் எழுத்து அவர் விரல்கள் வழியாகத்தான் அச்சுக்குப் போனது. புத்தகம் 1957இல் வெளிவந்தபோது அண்ணல் இல்லை.

எது நினைவுச்சின்னம் என்று முடிவு செய்கிறவர்களிடமே இடமும் இருக்கிறது. துக்ளகாபாதில் சுல்தானின் இடிந்த கோட்டைக்குப் பாதுகாப்பு உண்டு. அதே பகுதியில் ரவிதாசர் கோயில் 2019 ஆகஸ்ட் 10 அன்று இடிக்கப்பட்டது. மக்கள் தில்லியில் திரண்ட பிறகுதான், அக்டோபரில், அங்கே மறுபடி கட்ட உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் வைத்த அம்பேத்கர் சிலையை 2024 ஜூனில் வளாகத்தின் வேறொரு பக்கத்துக்கு நகர்த்தினார்கள். நம் கையில் இருக்கும் பழைய பயணக் கட்டுரையில் அந்தச் சிலை நின்ற இடம் பதிவாகியிருக்கிறதா? தேடிப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் எதிலும் இல்லை.

படிக்கவும் வேலைக்கும் போராட்டத்துக்கும் தில்லி போகிற நம் மாணவர்கள் இப்போது நிறைய. இதை அவர்கள்தான் எழுத வேண்டும். மினாரின் உயரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அந்த இடத்தைக் காலையில் பெருக்குகிறவர் யார், கான்ட்ராக்டா நிரந்தரமா, என்ன கூலி, எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே குடியிருக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். இந்த இதழ் அதைப் போடும்.