ஆச்சியின் ஆசைப் பட்டியல்

மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019) படத்தில், தலைக்கூத்தலுக்கு நாள் குறிக்கப்பட்ட எண்பது வயதுக் கிழவர் வீட்டை விட்டு ஓடுகிறார். முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் வழக்கம் தலைக்கூத்தல். வழியில் கோயிலில் வளரும் எட்டு வயதுக் குட்டி அவருக்குத் துணையாகிறான். அவன் அவரிடம் கதை கேட்டு உட்காரவில்லை. பத்து ஆசைகளைப் பட்டியல் போட வைக்கிறான். பிரியாணி முதல் பழைய காதலி வள்ளி வரை அதில் உண்டு. மு. ராமசாமியும் நாகவிஷாலும் சம வயதுக் கூட்டாளிகளைப் போலச் சண்டை போடுகிறார்கள். முதுமையை இரக்கத்துக்குரியதாக்காத இந்த நட்புதான் படத்தின் பலம். நாகவிஷாலுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆனால் ஓடிப்போனது ஒரு கிழவியாக இருந்தால்? கிழவர் ஊர் சுற்றினால் சாகசம். கிழவி சுற்றினால் புத்தி பிசகியவள் என்போம். வள்ளி அவருடைய பட்டியலில் ஒரு வரி. வள்ளிக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

வண்ணார்பேட்டையில் முதியோர் பகல்நேர மையம் ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தபோது இந்த வேறுபாட்டை நேரில் கண்டேன். தாத்தாக்களிடம் என்ன வேலை பார்த்தீர்கள், எந்த ஊரெல்லாம் போனீர்கள் என்று கேட்டார்கள். ஆச்சிகளிடம் கேட்டது கதை, தாலாட்டு, கைவைத்தியம். அங்கே இருந்த ஒருவர் நாற்பது வருடம் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரக்கணக்கு முடித்துக் கடையில் கழிவு போகக் கூலி வாங்கியவர். அந்த உழைப்பைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்காக 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களை அறிவித்தது. இத்தகைய மையங்களுக்குப் பிள்ளைகள் வருவது நல்லதுதான். தலைமுறைகள் பழகுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்ற பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்து ஓய்ந்தவளிடம், பகல்நேர மையத்திலும் வேறு வீட்டுப் பிள்ளைகளை மடியில் இருத்தினால், கூலியில்லாத பழைய வேலைக்குப் புதுப்பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

பிள்ளைகள் கொண்டுபோகும் கேள்வித்தாளில் குட்டியின் கேள்வி முதலில் இருக்கட்டும்: ஆச்சி, உங்களுக்கு என்ன ஆசை? “ஒண்ணும் வேண்டாம்ளா, கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்” என்று அவர் சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு எழுந்து வரட்டும்.