ஒருமை வேண்டிய மன்றாட்டு

யோவான் நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்க்காக மன்றாடுகின்றார். அவர்கள் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. அதற்கு அவர் கூறும் உவமை நோக்கற்பாலது: தந்தையும் மகனும் ஒன்றாயிருத்தல் போல என்பது. இருவர் இருவராகவே நின்று ஒன்றுபடுதலை அது உணர்த்தும்.

1947-இல் சென்னையில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டு சபையாரும் பிறரும் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, இம்மன்றாட்டையே குறிக்கோளாகக் கொண்டது. சிங்கப்பூர்த் தமிழர்க்கோ டார்செட் சாலையில் ஆங்கிலிக்க ஆலயம், ஷார்ட் தெருவில் மெதடிஸ்டு ஆலயம், ஓப்பீர் சாலையில் கத்தோலிக்க ஆலயம் எனத் தனித்தனியே உள்ளன. உவமையை நோக்கின், ஆலயங்கள் பலவாதல் குறையன்று. ஆயினும், உலகம் நம்புதலே ஒருமையின் பயன் என்கிறது மன்றாட்டு. தேக்காச் சந்தையில் இவர்களைக் காணும் அயலான் வழிபாட்டு முறைகளை ஆராயான். ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகின்றனர் என்பதையே நோக்குவான்.