வாகனத்தின் உள்வயிறு

நம் யாழ்ப்பாணப் பகுதிச் சிற்பமரபின் கிளைகளையும் தராதரத்தையும் பற்றி நான்கு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி எங்கள் சங்கத்தின் மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். சங்கத்தின் மூத்தோர் சொன்னதைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பரம்பரைகளின் வரிசையை இங்கே நான் எழுதப் போவதில்லை. எந்தப் பட்டறை எதிலிருந்து பிரிந்தது, எந்தக் கோயில் தேர் யார் கைபட்டது என்பதெல்லாம் இந்த மலரை எடுத்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிலும் மூத்தவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் மரத்தோடு வளர்ந்தவன். மரத்திலிருந்துதான் எனக்குப் பேச வரும்.

அதற்கு முன் கல்லைப் பற்றி ஒரு சொல். புத்தூர்ச் சந்தியிலிருந்து சுன்னாகம் வீதியால் போனால் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊரிலே சொல்லுவோம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்திலே உப்பு. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கி, மேல்தளம் இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. குடாநாடு முழுவதும் இந்தச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கருங்கல் நமக்கு இல்லை. கந்தரோடையில் உள்ள சின்னஞ்சிறு தூபிகளைப் பார்த்தவர்களுக்கு, நம் கல்லைக்கொண்டு எவ்வளவு செய்யலாம், எந்த இடத்தில் அது கைவிட்டுவிடும் என்பது விளங்கும். திரட்சியான வடிவத்துக்கு அது நிற்கும்; விரல் நுனிக்கும் இமைக்கும் நிற்காது. கொழும்பில் பொன்னம்பலவாணேசர் கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக் கருங்கல்லில் எடுப்பித்தார். அந்த வசதி நம் ஊர்க் கோயில்களுக்கு இருக்கவில்லை. ஆகவே நம்மவர் திறமை மரத்திலும் சுதையிலும் போய்ச் சேர்ந்தது. இதை ஒரு குறையாக நான் என்றும் நினைத்ததில்லை.

சுதைக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சூளையில் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் விட்டு அரைத்து வேலை செய்த காலம் போய்விட்டது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபோது அதே சுண்ணாம்புக்கல்தான் சீமெந்தாகி நம் கோபுரங்களில் ஏறியது. சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும். பொம்மையின் முகத்தைத் திருத்தக் கைக்கு நேரம் கொடுக்கும். சீமெந்து அந்த நேரத்தைக் கொடாது. கோபுரப் பொம்மைகளின் முகங்கள் ஏன் ஒன்றுபோல் ஆயின என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான். வார்ப்பு வேலைக்கோ நாம் எப்போதும் கடலுக்கு அப்பால் பார்த்தே இருந்திருக்கிறோம். பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் எடுத்த நடராசரையும் நாயன்மாரையும் கொழும்பு நூதனசாலையில் ஒருமுறை பார்த்தேன். சுவாமிமலையில் மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்து, காவிரி வண்டல் பூசிக் கருக்கட்டும் முறையையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் வேலையின் உயிர் பூசுகிற மண்ணில்தான். ஆற்றங்கரை மண் அவ்வளவு மென்மை இல்லாவிட்டால், மெழுகில் பிடித்த கண்ணிமை வெண்கலத்தில் வராது.

இந்த இடத்தில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நினையாமல் மேலே போக முடியாது. 1877இல் கொழும்பில் பிறந்த அவர் முதலில் படித்தது மண்ணியல்; இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். கல்லின் குணம் தெரிந்த மனிதர் கைவினைஞரின் குடிசைக்குள் போனதால்தான், கண்டி நாட்டுச் சிற்பாசாரியார்களின் ஆயுதங்களையும் அளவுகளையும் கண்திறப்புச் சடங்கையும் அவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அந்த நூலை 1908இல் வெளியிட்டபோது, இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் 425 பிரதிகள் மட்டும் அடிப்பித்தார். கைவேலையைப் பற்றிய நூல் கைவேலையாகவே வரவேண்டும் என்று எண்ணிய மனம் அது. இந்தச் செய்தியை எங்கள் ஆசிரியருக்கு நான் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

எங்கள் ஆசிரியரை இங்கு பெயர் சொல்லி எழுதவில்லை. தம் பெயர் எந்த வாகனத்திலும் வெட்டப்படக்கூடாது என்று இருந்தவர், மலரிலும் வேண்டாம். புத்தூரில் வடலிகளுக்குப் பின்னால் இருந்த அவருடைய கொட்டிலில் எட்டு வருடம் இருந்தேன். முதல் வருடம் மரம் அடுக்கினேன், உளி தீட்டினேன். செதுக்க விடவில்லை.

வேம்பைத் தேய்பிறையில்தான் தறிப்பார். தறித்த துண்டின் இரண்டு முகங்களிலும் அன்றைக்கே சாணி பூசி, நிழலில், நிலத்தில் முட்டாமல், இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கவேண்டும். வெயில் பட்டால் முகத்தால் காய்ந்து வெடிக்கும். வெளிறை முழுதாக நீக்கி வைரத்தை மட்டும் எடுப்பார். மரத்தில் பாதி விறகாய்ப் போவதைப் பார்த்துச் சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் விடமாட்டார். தேருக்கு இலுப்பை, வாகனத்துக்கு வேம்பு என்பது அவருடைய ஒழுங்கு. பலாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மேளத்துக்குப் போகட்டும்" என்பார்.

வாகனம் வெளியே பார்க்க ஒரே உடல். உள்ளே அது பல துண்டுகளின் கூட்டு. தோளில் காவுகிறவர்களுக்குப் பாரம் குறைய வேண்டுமென்று வயிறு குடையப்பட்டிருக்கும். குதிரையின் காலில் மரத்தின் நார் காலோடு நேரே ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். வளைந்த கழுத்துக்கு நாரும் வளைந்த கொப்பைத் தேடுவார். அதற்காக அச்சுவேலி வரைக்கும் சைக்கிளில் போய் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. மூட்டெல்லாம் கழுந்தும் காடியும், மரஆணியும். இரும்பு ஆணி கண்டால் கோபம் வரும்.

உடலைக் குடையும்போது வெளியே கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்டுக் கனத்தை அறிவார். எல்லா இடமும் ஒரே ஓசை தரவேண்டும். அதன்பின் உள்பக்கத்தையும் இழைப்பார். ஒருவரும் பார்க்காத பக்கம். நான் ஒருமுறை, "ஐயா, உதை ஆர் பாக்கப்போகினம்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்து ரிஷபத்தின் வயிற்றுக்குள் விட்டு, "தடவிப் பார் தம்பி" என்றார். பழைய வாகனங்களைத் திருத்த வரும்போதும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கையை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, எந்தப் பட்டறை, எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடுவார். பட்டறைகளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அப்படி இருட்டில் தடவி அறிந்ததுதான்.

ஒரு பட்டறையின் தரத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் சூரன்போர். வாகனம் சுவாமியைத் தாங்கி ஆடி அசைந்து வரும். சூரனுக்கு அந்த மரியாதை இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், சுழற்றுவார்கள், குலுக்குவார்கள். யானைமுகம் கழன்று சிங்கமுகம் ஏறவேண்டும், சிங்கமுகம் கழன்று சூரன் தலை ஏறவேண்டும், அதுவும் சனத்துக்கு நடுவே ஒரு நொடியில். கழுத்துக் கழுந்து ஒரு நூல் தளர்ந்தால் தலை ஆடும். ஒரு நூல் இறுகினால் ஏறாது. ஐப்பசி மழையில் மரம் ஊதும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் இழைக்கவேண்டும். எங்கள் ஆசிரியர் செய்த சூரன் ஒன்று முப்பது கந்தசஷ்டிக்கு மேல் ஆடியது.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி போரால் வலிகாமமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் எடுத்துக்கொண்டு போனது உளிகளைத்தான். சாக்கில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டி, மழையில் தென்மராட்சிக்கு நடந்தார். அடுக்கி வைத்த வேம்பு அத்தனையும் கொட்டிலில் கிடந்தது. திரும்பி வந்தபோது ஒரு துண்டும் இல்லை. எரித்தவர்களை அவர் குறை சொல்லவில்லை. அடுப்பு எரியவேண்டிய காலம் அது என்றார். அடுத்த கிழமையே மரம் தேடப் புறப்பட்டார்.

இனி எழுதப்போவதை யாரையும் சுட்டி எழுதவில்லை என்பதை மூத்தோர் நம்பவேண்டும். இன்று நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள். என்னிலும் வேகமாகச் செய்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, திருவிழாத் திகதி உண்டு, சபையாரின் நெருக்குதல் உண்டு. ஆனால் அந்தப் பசை. மரத்தூளைப் பசையில் குழைத்து வெடிப்பில் அடைத்து, உரஞ்சி, மேலே வர்ணம் தீட்டிவிடும் பழக்கம். பழையவர்களும் புளியங்கொட்டைக் கூழில் சீலை ஒட்டினார்கள் என்று மறுமொழி சொல்வார்கள். ஒட்டினார்கள், உண்மை. வர்ணம் பிடிக்கவேண்டும் என்று நல்ல மரத்தின் மேல் ஒட்டினார்கள். கெட்ட மரத்தை மூடுவதற்கு ஒட்டவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலில், வேட்டைத் திருவிழாவுக்கு ஓடிய புதுக் குதிரையின் முன்கால் முழங்காலோடு முறிந்தது. சுவாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள் கொடுத்த பிள்ளைகள் தாங்கிப் பிடித்தார்கள். முறிந்த இடத்தைப் பார்த்தேன். நார் குறுக்கே ஓடியிருந்தது. நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மரமே இல்லை, பசைதான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் பசை வந்தபிறகு மரம் காயும் வரை காத்திருப்பவர் குறைந்தனர். காயாத மரம் வெடித்தால் அடைத்துக்கொள்ளலாம் அல்லவா? காத்திருக்காதவனுக்கு மரத்தின் குணம் தெரியாது. மரம் தெரியாதவனுக்கு உளி கூராக இருக்கவேண்டிய தேவையில்லை, உரஞ்சுதாள் போதும். உளி தீட்டத் தெரியாதவனிடம் பழகவரும் பிள்ளை எதைப் பழகும்? சிற்ப அளவுமுறையான உத்தமதசதாலத்தின் 124 அங்குலமும் வாயால் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று கைத்தொலைபேசிப் படத்தைப் பெருப்பித்து ஒற்றி எடுக்கிறார்கள். சபைகள் அடிக்கணக்கில் விலை கேட்கின்றன. உள்ளே கையை விட்டுப் பார்க்கும் ஒரு தர்மகர்த்தாவை நான் அண்மையில் கண்டதில்லை. இந்தப் பசை பட்டறையோடு நின்றுவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. மேடைப் பேச்சுகளில் அதே பசை, அரங்கேற்றங்களில் அதே பசை, பிள்ளைகள் ஒப்பிக்கும் தேவாரத்தில் பண் விட்டுப்போன இடத்திலும் அதுதான். இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் வேம்பின் கசந்த வாசம் தெரிந்த சிற்பி இக்குடாநாட்டில் இருக்கமாட்டான். வெடிப்பு எது, மரம் எது என்று சுவாமிக்கு மட்டும் தெரியும். மூத்தோர் இதை மிகை என்று எண்ணினால் பொறுத்துக்கொள்ளட்டும். எண்ணி எண்ணித்தான் எழுதினேன்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோயில் சபைகளுக்கு நம் சங்கத்தார் ஆலோசனை சொல்லப் போகும்போது, வர்ணம் பூசுமுன் ஒருமுறை வாகனத்தைப் பார்த்துவர வேண்டும். மரம் தறித்த திகதியைக் கேட்கவேண்டும். உள்ளே கையை விடவேண்டும்.

ஆசிரியருடைய கொட்டில் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கடைசியாக அவர் தறிப்பித்த வேம்பில் வளைந்த கொப்பு ஒன்று சட்டத்தின் மேல் கிடக்கிறது. மயிலின் கழுத்துக்கென்று சொல்லி வைத்தார். போன தை மாதம் தட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் இன்னும் மந்தமாகத்தான் கேட்கிறது. இரண்டு மாரி போகட்டும் என்று திரும்ப மூடி வைத்திருக்கிறேன்.