மலைபடுகடாமும் ஜொகூர்த் தோட்டத்துப் பாம்பும்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. அவ்வழியில் பாம்பும் குறுக்கிடுகிறது. பாம்புகள் மறைந்து ஒடுங்கும் குழிகள் உள்ளன. அவற்றைக் குறித்துக்கொண்டு, கொட்டி ஓசை செய்து பார்த்து, விறலியர் கைதொழ, நெறியைச் சற்றே விட்டு விலகிச் செல்லுங்கள் என்பது ஓரிடம். விழுந்து கிடக்கும் மரம்போலத் தோன்றும் மாசுணத்தைத் தவிர்த்துச் செல்லுங்கள் என்பது மற்றோரிடம். முன்னதில் பெருங்கௌசிகனார் இனப்பெயர் எதுவும் கூறவில்லை. பின்னதில் பெயர் கூறினாலும் அதனோடு நில்லாமல் உவமையால் அடையாளம் காட்டுகிறார். எங்கே கிடக்கும், எதுபோலத் தோன்றும், கண்டவர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றுமே வழிச்செல்வார்க்கு வேண்டியவை என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

நிகண்டுகள் செய்த தொண்டு வேறுவகைத்து. அரவு, பாந்தள், பணி, உரகம், பன்னகம், கட்செவி என அவற்றில் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. செய்யுள் இயற்றுவார்க்கு எதுகை மோனைக்குக் குறைவில்லை. புறக்கடை விறகடுக்கின் கீழ் நெளிவது யாது என்று அறிய விரும்புவார்க்கு இவற்றால் பயனில்லை. கட்செவி என்னும் சொல்லை மட்டும் விலக்காகக் கொள்ளலாம். பாம்புக்குப் புறச்செவி இல்லை என்னும் உண்மையை ஒருவர் உற்றுநோக்கிய பின்னரே அச்சொல் பிறந்திருக்க வேண்டும்.

உழவர் வழங்கிய பெயர்கள் நிகண்டுப் பெயர்களினும் மேலானவை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், சாரை என்பன தமிழகத்து வரப்பிலும் கொல்லையிலும் ஒவ்வோர் உயிரைச் சுட்டி நின்றன. இவற்றுள் முதல் நான்குமே இந்தியாவில் மிகுந்த உயிர்ச்சேதம் விளைப்பவை. அந்நாட்டு நச்சுமுறி மருந்தும் அந்நான்கின் நஞ்சைக் கருதியே செய்யப்படுகிறது. பால்மரம் சீவ வந்த தமிழர் இப்பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். குளுவாங்கிலும் லாபிஸிலும் சிகாமட்டிலும் பெயர்கள் வேரூன்றின, பாம்புகளோ வேறாயிருந்தன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் மலேசியாவில் இல்லவே இல்லை.

நல்லபாம்பின் படத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும் என்று நம் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். ஜொகூரில் வீட்டோரம் காணப்படும் நாகம் நஞ்சை உமிழும் இனம். நன்கு வளர்ந்தது பெரும்பாலும் கருநிறமாயிருக்கும், படத்தில் அக்குறி இராது. குறியைத் தேடி நிற்பவன் கண்ணிலே நஞ்சு தெறிக்கும். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டிய செய்தி. 'நல்ல' என்னும் அடைமொழி இதில் ஒன்றும் உதவாது. அது அச்சத்தால் இட்ட மங்கலச் சொல்; இரவில் பாம்பைப் 'பூச்சி' என்பது போன்றது.

கட்டுவிரியன் என்னும் பெயரின் பிழை இதனினும் கொடியது. முதலாவது, அது விரியனே அன்று. நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. விரியன் கடித்த இடம் வீங்கி வலிக்கும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பின்னர் இமை தொங்கும், மூச்சுத் தளரும். இரண்டாவது, தமிழகத்துக் கட்டுவிரியன் கருமேனியில் மெல்லிய வெண்கோடுகள் உடையது. ஜொகூரிலோ அகன்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு ஓரினமும், கறுப்பு மஞ்சள் பட்டைகளோடு மற்றோரினமும் உள்ளன. மெல்லிய கோடு இல்லையே, இது கட்டுவிரியன் அன்று எனத் துணிவது உயிருக்கே இறுதியாகலாம்.

மஞ்சள் பட்டையுடையவை எல்லாம் கட்டுவிரியன் எனக் கொள்வதும் தவறு. சதுப்புக்காட்டு மரங்களில் வாழும் பூனைக்கண் பாம்பும் கருமேனியில் மஞ்சள் வளையம் உடையது. அதன் நஞ்சு மென்மையானது. மலாய்க்காரர் அதனை 'உலார் சிஞ்சின் எமாஸ்', அதாவது பொன்மோதிரப் பாம்பு என்பர். அதன் மஞ்சள் வளையம் மெல்லியது; கறுப்பே மிகுதி. கட்டுவிரியனின் கறுப்பும் மஞ்சளும் ஏறத்தாழ ஒரே அகலமுடையவை, முதுகு கூரைபோல நடுவில் உயர்ந்திருக்கும், வால்நுனி மழுங்கியிருக்கும். இவ்வளவும் எட்டி நின்றே காணத்தக்கவை. கறுப்பு வெள்ளைப் பட்டையுடைய இனத்துக்கு மலாயில் 'கத்தாம் தெபு' என்று பெயர். தெபு என்றால் கரும்பு. பட்டை பட்டையாய்க் கணுவிட்ட கரும்பைக் கண்டவர் இப்பெயரை எளிதில் மறவார். பெருங்கௌசிகனார் கையாண்ட முறையும் இதுவே.

பச்சைப்பாம்பு என்னும் பெயரும் இங்குப் போதாது. கொடிபோல் மெலிந்து, கூர்மூக்கோடு இருப்பது மனிதர்க்குக் கேடு செய்யாத ஒன்று. கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. பினாங்குப் பாம்புக் கோயிலில் காணும் குழிவிரியனின் குட்டியும் பச்சையே. அது ஜொகூரிலும் உண்டு. அதன் தலை அகன்று முக்கோணமாயிருக்கும். ஒரே கிளையில் நாட்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

இக்குறையை நீக்கத் தூய தமிழில் புதுப்பெயர் படைத்தால் போதும் என்பாரும் உளர். பெயரை மட்டும் படைத்தால் அது நிகண்டுக்கு மற்றொரு சூத்திரம் ஆகுமேயன்றி வேறில்லை. பெயர் அறிவியலார் கையிலும் நிலைத்து நிற்பதில்லை. ஒரே இனமெனக் கருதிவந்த ராஜநாகத்தை 2024-இல் நான்கு இனங்களாகப் பிரித்தனர். ஜொகூரில் வாழ்வது அன்றுமுதல் வேறு பெயர் பெற்றது. அதன் நீளமோ நஞ்சோ மாறவில்லை. டுவீடி 1953-இல் சிங்கப்பூரில் வெளியிட்ட 'மலாயாவின் பாம்புகள்' என்னும் ஆங்கில நூலைப் போல, அடையாளமும் வாழிடமும் சேர்த்துக் கூறும் தமிழ்க் கையேடே இங்கு வேண்டப்படுவது. உழவர் பெயரும் மலாய்ப் பெயரும் அதில் அருகருகே நிற்கலாம். மருத்துவமனையில் கேட்பவர் மலாய்ப் பெயரையே அறிவார். அங்கே கொடுக்கப்படும் மருந்தும் பாங்காக்கில் இப்பகுதிப் பாம்புகளுக்கெனச் செய்யப்படுவது. அடித்த பாம்பைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. எட்டி நின்று எடுத்த படம் ஒன்று போதும். அதுவும் இல்லையேல், பட்டை எவ்வளவு அகலம், தலை எவ்வடிவம், எங்கே கிடந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையின் சொல்லையே மருத்துவர் கேட்டுக்கொள்வார்.