கஞ்சி போட்ட காகிதம்

காரைக்கால் கடற்கரையில் சாயங்காலம் சுண்டல் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சுண்டலை அல்ல, பொட்டலத்தை. செய்தித்தாளில் சுருட்டியதா, பள்ளி நோட்டுத் தாளில் சுருட்டியதா? செய்தித்தாள் என்றால் அவசரமாகத் தின்றாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் கூம்பின் அடி கருத்து, மெத்தென்றாகி, விரல் உள்ளே போய்விடும். நோட்டுத் தாள் தாங்கும். ஏதோ ஒரு பிள்ளை போட்ட பின்னக் கணக்கின் நீல மை ஈரத்தில் கலங்கும், ஆனால் கூம்பு கலையாது. கடைசிக் கடலையை நகத்தால் சுரண்டி எடுக்கும் வரை நிற்கும். இரண்டும் காகிதம்தான். ஒன்றுக்குக் கஞ்சியும் மை ஊறாமல் தடுக்கும் சரக்கும் போட்டிருக்கிறார்கள், மற்றதற்குப் போடவில்லை.

கஞ்சி என்று சொன்னது உவமை இல்லை. வேட்டிக்குப் போடும் அதே சரக்கு, கொஞ்சம் படித்துப் பட்டம் வாங்கி வந்தது, அவ்வளவுதான்.

காகிதத்தை ரசிக்கிறேன் என்றால் பலர் அதன் வழவழப்பையும் வெண்மையையும் நினைத்துக்கொள்கிறார்கள். என் ருசி வேறு. தாளை எடுத்தால் முதலில் காதருகே வைத்து ஒரு முறை ஆட்டுவேன். சடசடவென்று பேசுகிறதா, சவசவவென்று கிடக்கிறதா? பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். நார்கள் ஒரே சீராகப் படிந்திருக்கின்றனவா, ஐப்பசி வானம்போலத் திட்டுத்திட்டாக இருக்கிறதா? கடைசியாக ஓரத்தை ஒரு அங்குலம் கிழிப்பேன். நீளவாக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். மெஷினில் ஓடும் வேகத்தில் நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுவதால் வரும் குணம் அது. கிழிந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகளைப் பார்த்தால் அந்தத் தாளின் பூர்வோத்தரம் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது எது? பசை இல்லை. தண்ணீரில் மிதக்கும் நார்களைச் சல்லடையில் படியவிட்டுக் காயவைத்தால், வெளியேறும் தண்ணீரே அவற்றை நெருக்கி இழுத்துச் சேர்த்துவிடுகிறது. பிறகு நாருக்கு நார் தொடும் இடமெல்லாம் ஹைட்ரஜன் பிணைப்புகள் விழுகின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நோஞ்சான், கோடிக்கணக்கில் சேரும்போதுதான் பலம். தண்ணீர் திரும்ப வந்தால் அத்தனையும் கையை விட்டுவிடும். சாதாரணத் தாள் நனைந்தால் அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

ஆகவே காகிதக்காரரின் முதல் வேலை, நார்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தை அதிகமாக்குவது. அதற்குக் கூழை அடிக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் பிறந்த ‘பீட்டர்’ (beater) என்னும் கூழடிக்கும் எந்திரம் செய்வது, வண்ணான் துறைக் கல்லில் துணி படும் பாட்டைத்தான். அடிக்க அடிக்க நாரின் தோல் உரிந்து, மெல்லிய இழைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அவை பக்கத்து நாரின் இழைகளோடு பின்னிக்கொள்ளும், தாள் இறுகும், சடசடப்பு ஏறும். ஆனால் அடிக்கும் கைக்கு அடக்கம் வேண்டும். இழுத்தால் அறாத பலம் ஏற ஏற, கிழித்தால் தாங்கும் பலம் ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கும். இன்னும் அடித்துக்கொண்டே போனால் கூழ் பாகாகி, ஊடே வெளிச்சம் தெரியும் டிரேசிங் தாள் போல வந்து நிற்கும். அல்வாவை எப்போது இறக்குவது என்பதில் இருக்கும் அதே பதம் இதிலும் உண்டு.

இந்தப் பதத்தை அழகாகப் பார்க்க, எங்கள் ஊரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே, அதே ஒன்றியப் பிரதேசத்தின் தலைநகருக்குப் போகலாம். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இருக்கிறது. அங்கே மரம் இல்லை, பருத்தித் துணிக் கழிவுதான் கச்சாப்பொருள். பருத்தி கிட்டத்தட்ட முழுக்கவே செல்லுலோஸ், நாரும் நீளம். கைக்காகிதத்தில் நான் அலுக்காமல் பார்ப்பது ஒரே ஒரு காட்சியை. தொட்டியில் சட்டத்தை முக்கி எடுத்தவுடன் ஆள் அதை முன்னும் பின்னும் ஒரு உலுக்கு, பக்கவாட்டில் ஒரு உலுக்கு உலுக்குவார். பாட்டி முறத்தை அசைக்கும் அதே அசைவு. நார்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் படுப்பதற்காக அது. அதனால்தான் கைக்காகிதத்துக்கு நீளவாக்கு, குறுக்குவாக்கு என்ற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இந்தத் தொழிலுக்குத் தஞ்சாவூரோடும் ஓர் உறவு உண்டு. காந்தி 1934இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தூக்கி நிறுத்த முயன்ற தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. அந்தச் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர்.

அழகு அழகுதான். ஆனாலும் என் முழுக் கைதட்டலை அந்தத் தாளுக்குக் கொடுக்க மாட்டேன். பருத்தியில் பலமான காகிதம் செய்வது, வசதியான வீட்டுப் பிள்ளையைப் படிக்கவைப்பது மாதிரி. சரக்கே பாதி வேலையைச் செய்துவிடும். கைத்திறன் தெரிய வேண்டுமானால் சரக்கு மோசமாக இருக்க வேண்டும்.

சுமார் சரக்கு என்றால் நம் சவுக்கு. கடலோரத் தோப்புகளில் வெட்டி லாரியில் உயரமாக ஏற்றிப் போவதைப் பார்க்கிறோமே, அதில் ஒரு பகுதி காகித ஆலைக்குப் போகிறது. குளிர்நாட்டுப் பைன் மரத்தின் நார் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளம் என்றால், சவுக்கு நார் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கரூர் மாவட்டம் புகளூரில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையையே முதன்மைச் சரக்காக எடுத்துக்கொண்டது. சக்கை நாரும் குட்டைதான். குட்டை நாரில் செய்த தாள் ராட்சத மெஷினில் அறாமல் ஓடுவது சின்ன வித்தையல்ல.

மோசமான சரக்கு என்றால் பழைய பேப்பர். இதைக் கரையோர ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் மீன் ஆகுமா? ஆகாது. கொஞ்சம் மெத்தென்று ஆகும், பழைய சதை திரும்பாது. ஒரு முறை காய்ந்த நாரும் அப்படித்தான். காயும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய துளைகள் மூடிக்கொள்கின்றன. திரும்ப நனைத்தாலும் எல்லாம் திறப்பதில்லை. நார் முன்போல ஊதுவதில்லை, வளைந்து கொடுப்பதில்லை, பக்கத்து நாரோடு ஒட்ட மறுக்கிறது. 1944இல் ஜெர்மானிய விஞ்ஞானி யாய்மே இதற்குக் ‘கொம்பாகிப் போதல்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். மாட்டுக் கொம்புபோல விறைத்துவிட்டது என்று அர்த்தம். நான் கருவாடாகிப் போதல் என்பேன். முதல் முறை காய்வதில்தான் பெரிய நஷ்டம், அடுத்தடுத்த சுற்றுகளில் நஷ்டம் குறைந்துகொண்டே போகும்.

இந்தக் கருவாட்டு நாரைத் திரும்ப வேலை வாங்குவதில்தான் ரசாயனத்தின் கைப்பக்குவம் தெரிகிறது. மறுபடி அடிக்கலாம், ஆனால் ஏற்கெனவே நொந்த நார் பொடிப்பொடியாக உடையும். சல்லடையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். காஸ்டிக் சோடா கொஞ்சம் சேர்த்தால் நார் ஊதும், மூடியதில் ஒரு பங்கு திறக்கும். அதற்கு மேல் கஞ்சிதான் கதி.

கூழில் சும்மா கஞ்சியைக் கரைத்து ஊற்றினால் பெரும்பகுதி சல்லடை வழியே தண்ணீரோடு போய்விடும். நாரின் மேல் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது. ஆகவே ஸ்டார்ச்சுக்கு நேர்மின் ஏற்றம் கொடுத்து அனுப்புகிறார்கள். நாரைக் கண்டவுடன் ஒட்டிக்கொள்ளும். டன்னுக்கு ஐந்திலிருந்து பதினைந்து கிலோ, அதாவது நூற்றுக்கு ஒன்றைச் சுற்றித்தான் கணக்கு. அந்தத் துளி நார்களின் இடைவெளியில் உட்கார்ந்து, எட்டாத கைகளை எட்டவைக்கிறது. இதற்கு மரவள்ளி ஸ்டார்ச் நல்ல சரக்கு. குறைந்த சூட்டிலேயே வெந்து, தெளிந்த கஞ்சியாக வரும். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆகும் அதே கிழங்குதான். பாயசத்தில் கண்ணாடிபோல மின்னுவதும், அட்டைப்பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பதும் ஒரே மாவு.

பழைய பேப்பர் கூழில் இன்னொரு தொல்லை உண்டு. முந்தைய பிறவிகளின் மை, பசை, பூச்சு எல்லாம் கரைந்த அழுக்காக அந்தத் தண்ணீரில் மிதக்கும். அவற்றுக்கும் எதிர்மின் ஏற்றம்தான். விலை கொடுத்து வாங்கிய ஸ்டார்ச் வந்து இறங்கியதும் இந்த அழையா விருந்தாளிகள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து தின்று தீர்த்துவிடுவார்கள். நாருக்கு வெறும் இலைதான். ஆகவே தேர்ந்த ஆலைக்காரர் முதலில் படிகாரம் போன்ற மலிவான சரக்கை விட்டு அவர்களின் பசியை அடக்குவார், பிறகே ஸ்டார்ச்சைப் பரிமாறுவார். இந்த வரிசை தெரியாமல் அளவை மட்டும் ஏற்றினால் நார்கள் கொத்துக்கொத்தாகத் திரளும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த ஐப்பசி வானம் தெரியும். அந்தத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சமையற்காரரின் பதற்றம்தான் தெரிகிறது.

அடுப்படியில் இந்த வேலைக்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். கொத்தவரை விதைப் பிசின் காகிதத்துக்குப் பலம் தரும் பழைய சரக்கு. நெசவாளிகள் பாவுக்குப் போட்ட புளியங்கொட்டைப் பசையில் இருக்கும் சைலோகுளுக்கன் செல்லுலோஸோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். சுவீடன் ஆய்வாளர்கள் அதை எடுத்துவைத்துக்கொண்டு மெனக்கெட்டிருக்கிறார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு நேர்மின் குணம் அதன் உடம்பிலேயே உண்டு, காகிதத்தை நன்றாகவே இறுக்கும். விலைதான் இடிக்கிறது. இறால் உரித்த ஓடு மலைபோலக் குவியும் கரையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரத்தான் செய்கிறது.

எனக்குப் பிடிக்காத பலமும் ஒன்று உண்டு. ரூபாய் நோட்டு சட்டைப்பையிலேயே இருந்து துவைபட்டு, காய்ந்து, மடங்கி வந்தாலும் செல்லுமே, எப்படி? பருத்தி நார் ஒரு காரணம். ஈரத்திலும் விடாத பிசின் இன்னொன்று. டீ பைக்கும், பேப்பர் டவலுக்கும் இதே இனத்துச் சரக்குதான். நனைந்த பிறகும் உலர்ந்த பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் அதை ஈரம் தாங்கும் காகிதம் என்பார்கள். நோட்டுக்குச் சரி. ஆனால் கண்டதற்கெல்லாம் அதைப் போட்டால், அந்தத் தாள் பழைய பேப்பர் கடைக்கு வந்து, ஆலைத் தொட்டியில் எவ்வளவு சுழற்றினாலும் கரையாமல் துணுக்குத் துணுக்காக நிற்கும். தண்ணீர் கேட்டவுடன் கையை விடுவதுதான் காகிதத்தின் நற்குணம். அதைக் கெடுத்துச் சேர்க்கும் பலம் எனக்கு ருசிக்கவில்லை.

அவசரப் பலத்தின் விலையை எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரங்கள் இரண்டு இருக்கின்றன. 1840களைச் சேர்ந்தது கந்தல் துணிக் காகிதம். செம்மை ஏறியிருக்கிறது, மடிப்பில் ஒரு கீறல் இல்லை. 1930களைச் சேர்ந்தது மரக்கூழ்த் தாள், பிரித்தால் மடிப்பில் அப்பளமாக நொறுங்குகிறது. மை ஊறாமலிருக்க ரோசனமும் படிகாரமும் சேர்க்கும் முறையை 1807இல் ஜெர்மனியின் இல்லிக் வெளியிட்டார். மலிவு, சுலபம், உலகம் முழுக்கப் பரவியது. படிகாரம் விட்டுச்சென்ற அமிலம் நாரை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டிருந்தது. பேரன் பத்திரம் பாட்டன் பத்திரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் கைதட்டல் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். மளிகைக்கடை வாசலில் அடுக்கியிருக்கும் பழுப்பு அட்டைப்பெட்டிக்கு. அதன் நார் எத்தனை பிறவி கண்டதோ தெரியாது. காகிதப் பலத்தை 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் அளப்பதுதான் உலக வழக்கம். அப்படி ஒரு நாளைக் காரைக்கால் கண்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அப்பளம் நமுப்பதுபோலப் பெட்டியும் நமுக்கும். ஈரப்பதம் 90ஐத் தொட்டால் அட்டைப்பெட்டி சுமை தாங்கும் பலத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அடுக்கு தேர்போல ஒரு பக்கம் சாயும். ஆனாலும் அடிப்பெட்டி நிற்கிறது. ஆறு பெட்டி எண்ணெய் பாக்கெட்டைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஓரம் லேசாகப் பிதுங்கி, நிற்கிறது. கருவாட்டு நாரும், நூற்றுக்கு ஒன்று மரவள்ளிக் கஞ்சியும், பந்தி வரிசை தெரிந்த ஒரு ஆலைக்காரரும் சேர்ந்து செய்த வேலை அது.

அடுத்த முறை அப்படி ஒரு பெட்டி காலியானால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஓரத்தில் ஒரு அங்குலம் கிழித்துப் பாருங்கள். பழுப்பு இழைகளுக்கு நடுவே எங்காவது வெள்ளை இழை ஒன்று எட்டிப் பார்க்கும். அது யாரோ எழுதிய நோட்டுத் தாளாக இருந்திருக்கலாம்.