சிவப்பு திரும்பும் நேரம்

பகலில் கடலுக்குள் 30 அடி இறங்கினால் சிவப்பு அநேகமாக இருக்காது. தண்ணீர் முதலில் விழுங்குவது அந்த நிறத்தைத்தான். ரத்தச் சிவப்பான கடற்பஞ்சுகூட, துவைத்துத் துவைத்துச் சாயம்போன லுங்கி மாதிரி சாம்பலாகத் தெரியும். இரவில் அப்படியில்லை. வெளிச்சம் மேலேயிருந்து வர வேண்டியதில்லை, கையிலிருக்கும் டார்ச்சுக்கும் கடற்பஞ்சுக்கும் நடுவே ஒரு முழத் தண்ணீர்தான். கடலின் அசல் நிறத்தைப் பார்க்க இருட்டில்தான் போக வேண்டும் என்கிற இந்த விசித்திரம் பிடித்துப்போய்த்தான் பிலிப்பைன்ஸின் அனிலாவ் கடலில் இரவு ஸ்கூபாவுக்குக் கேமராவோடு இறங்கினேன். அனிலாவ் மணிலாவுக்குத் தெற்கே, பத்தாங்காஸ் மாகாணத்தில் இருக்கிறது. பெரிய மீனைத் தேடி அங்கே போகிறவர்கள் குறைவு. விரல்நகம் அளவு உயிர்களுக்காகப் போகிறார்கள்.

முதல் இரவு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் யாரோ ரவை கொட்டியிருந்தார்கள். மார்கழிப் பனியில் ஹெட்லைட்டை பிரைட்டில் வைத்து ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருந்தால், நடுவில் மிதக்கும் தூசு அத்தனையும் வெளிச்சத்தை நம் முகத்திலேயே திருப்பியடிக்கும். எனக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் தண்ணீருக்குள்ளேயே என் ஃபிளாஷ் இரண்டையும் நண்டு கை விரிப்பதுபோல அகட்டி, அவற்றின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். ஒளியின் ஓரம் மட்டும் எதிரே இருந்த இறால்மேல் பட்டது. ரவை காணாமல் போனது. இறாலுக்கு முதுகும் மீசையும் வந்தன.

1926இல் ஃபுளோரிடாவை அடுத்த டிரை டொர்டுகாஸ் தீவுகளில் லாங்லியும் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப்படத்தை எடுத்தபோது, மிதவையில் மக்னீசியப் பொடியை வெடிக்கவிட்டு உள்ளே ஒளி பாய்ச்சினார்கள். அவர்கள் கவலை வெளிச்சம் போதாது என்பது. இன்றைக்குக் கை நிறைய வெளிச்சம் இருக்கிறது; எதன்மேல் படாமல் வைப்பது என்பதில்தான் வித்தை. கருவறையில் டியூப்லைட் போட்ட பிறகு சாமி முகம் தட்டையாகிப்போனதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் மதிக்கிற இரவுப் படங்களில் முக்கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும்.

தரையில் ஷட்டரை அழுத்தும்போது மூச்சைப் பிடிப்போம். ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பது முதல் பாடம். இழுத்தால் உடம்பு நாலு விரல் உயரும், விட்டால் தாழும். மேக்ரோ லென்ஸிலோ ஃபோகஸ் நிற்பது மில்லிமீட்டர் கணக்கில். ஆகவே இழுப்புக்கும் விடுதலுக்கும் நடுவே உடம்பு தானாக நிற்கிற அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். கேமராவைக் கற்றது கொஞ்சம்தான், நுரையீரலைக் கற்றதே அதிகம்.

இன்னொரு தந்திரம் அழகானது. சிவப்பு ஆழத்துக்கு எட்டாததாலோ என்னவோ, கடலுயிர்கள் பலவற்றின் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது. வெள்ளை டார்ச் பட்டால் வளைக்குள் ஓடும் நண்டு, சிவப்பு டார்ச்சில் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். கடல் விழுங்கும் நிறத்தையே திரையாக்கிக்கொண்டு நெருங்கி, ஃபோகஸ் பிடித்து, ஃபிளாஷ் வெட்டும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் வெள்ளை.

கடைசி இரவில் பாறை இடுக்கில் ஒரு கிளிமீன் தூங்கிக்கொண்டிருந்தது. சில வகைக் கிளிமீன்கள் இரவில் தம்மைச் சுற்றி வழவழப்பான சளியுறை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். ரத்தம் உறிஞ்சும் பொடி ஒட்டுண்ணிகளுக்கு எதிரான கொசுவலை. எழுப்பிவிட்டால் உறையைக் கிழித்துக்கொண்டு ஓடும், மறுபடி கட்ட அதற்கு நேரமும் தெம்பும் வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஒரு விரலைக் காட்டினார்: ஒன்றே ஒன்று.

எடுத்தேன். ஃபோகஸ் கண்ணில் விழவில்லை, உறையில் விழுந்துவிட்டது. உறைமேல் ஒட்டியிருந்த மணல் துகள் ஒவ்வொன்றும் துல்லியம். அதற்குப் பின்னால் மீன், பச்சையும் இளஞ்சிவப்புமாக, மங்கல்.