லிஃப்ட் கிட் விமர்சனங்களில் விடுபட்டுப்போகும் இரண்டு எண்கள்

மஹிந்திரா தார் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டு எடுத்த வீடியோ விமர்சனங்களைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்புதான். முதலில் வண்டி நிற்கும் அழகு, பிறகு தரையிலிருந்து உயரம், டயர் அளவு, செலவு. கடைசியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கொஞ்சம் ஹார்டாத்தான் இருக்கு, லிஃப்ட் பண்ணினா அப்படித்தான், நல்ல ஷாக் போட்டா சரியாயிடும் என்ற ரீதியில் ஒரு முடிவுரை.

அந்த முடிவுரையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. 'ஹார்டு' என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறுவேறு கோளாறுகளைப் போட்டு மூடிவிடுகிறார்கள். நான்குக்கும் மருந்து வேறு. அதைப் பிரித்துச் சொல்லாத விமர்சனத்தைப் பார்த்து ஷாக் வாங்குபவர், நோய் தெரியாமல் மாத்திரை வாங்குகிறார்.

ஒரே உயரம், இரண்டு கோளாறு

2020-இல் வந்த தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டாக இருக்கும். இதை உயர்த்த இரண்டு மலிவான வழிகள் உண்டு.

முதல் வழி, அந்தக் கூட்டுக்கு மேலே, சேஸியில் மாட்டும் இடத்தில் ஒரு ஸ்பேசர் வைப்பது. ஷாக் தன் பழைய நீளத்திலேயே நிற்கும். ஆனால் மொத்தக் கூட்டும் கீழே தள்ளப்பட்டுவிட்டது. சக்கரம் தொங்கும்போது முன்பைவிடக் கீழே போகும். பால் ஜாயிண்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டும் கம்பெனி நினைக்காத கோணத்துக்கு வளையும். பம்ப் ஸ்டாப் ரப்பர் சேஸியில் தனியாக இருக்கும் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய மேட்டில் சக்கரம் ஏறும்போது, அந்த ரப்பரைத் தொடும் முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடலாம்.

இரண்டாவது வழி, ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஸ்பேசர் வைப்பது, அல்லது திருகும் வளையம் இருந்தால் அதை இறுக்குவது. ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்தான், சுமக்கும் எடையும் பழைய எடைதான். அதனால் அது அமுங்கும் அளவு மாறாது. மாறுவது ஷாக் நிற்கும் நீளம். நின்ற நிலையிலேயே அது நீண்டுவிட்டதால், கீழே இறங்க மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு 'டக்'கென்று நிற்கும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது வரும் அடி பெரும்பாலும் இதுதான். பழைய தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கும். அதன் போல்ட்டை முறுக்கி உயர்த்தினாலும் இதே கதைதான்.

இரண்டு வண்டிக்கும் உயரம் ஒன்று. வீடியோவில் இரண்டுமே 'ஹார்டு'. ஒன்றுக்கு மேலே ஏற இடம் பற்றவில்லை, மற்றொன்றுக்குக் கீழே இறங்க இடம் பற்றவில்லை. பழைய நீளத்திலேயே விலை கூடிய ஷாக்கை மாட்டினால் இரண்டுமே தீராது.

ஸ்பிரிங் கணக்கு

மூன்றாவது கோளாறு, கிட்டோடு வரும் ஸ்பிரிங். இரும்பு பம்பர், வின்ச், கூரை கேரியர் என்று எடை ஏற்றப்போகும் வண்டிக்காகத்தான் பல கிட்டுகளில் ஸ்பிரிங்கை இறுக்கமாகச் செய்கிறார்கள். அந்தச் சாமான்கள் எதுவுமே இல்லாத வண்டியில் அதை மாட்டினால் என்ன ஆகும்?

ஒரு வண்டியின் உடல் மேலும் கீழும் ஆடும் வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு. வண்டியின் எடைக்கு ஸ்பிரிங் 250 மி.மீ. அமுங்கினால் நொடிக்குச் சுமார் 1 ஆட்டம். 110 மி.மீ. என்றால் 1.5. 62 மி.மீ. என்றால் 2. நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை நமக்குச் சுகம். செங்குத்தான அதிர்வில் மனித உடலை அதிகம் படுத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை அந்தப் பகுதிக்குத்தான் அதிக எடை தருகிறது. எடை மாறாமல் ஸ்பிரிங் இறுக்கத்தை மட்டும் 44 விழுக்காடு கூட்டினால் ஆட்ட வேகம் 20 விழுக்காடு கூடும். அந்த அளவுக்கு வண்டி அந்தப் பகுதியை நோக்கி நகர்கிறது.

இதில் முன்னும் பின்னும் ஒத்துப்போகவும் வேண்டும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி 1930-களிலேயே இதைச் சொன்னார்: பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும். அப்போதுதான் தாமதமாக மேட்டில் ஏறிய பின்பக்கம், முன்பக்கத்தின் ஆட்டத்தோடு வந்து சேர்ந்துகொள்ளும். வின்ச்சே இல்லாத வண்டிக்கு வின்ச் ஸ்பிரிங்கை முன்னால் மட்டும் மாட்டினால் இந்த வரிசை தலைகீழாகிவிடலாம். தாரின் சக்கர இடைவெளி 2450 மி.மீ. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் ஏறிய மேட்டில் கால் நொடிக்குள் பின்சக்கரமும் ஏறிவிடும். இவ்வளவு குட்டையான வண்டியில் வரிசை தவறினால் தலை முன்னும் பின்னும் ஆடுவது பளிச்சென்று தெரியும்.

டயரும் கைகளும்

நான்காவது, லிஃப்ட்டோடு சேர்ந்து வரும் பெரிய டயர். பக்கச்சுவர் தடித்த, கனமான டயர் சின்னச் சின்னக் கற்களைக்கூட உள்ளே அனுப்பும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடுவதால், அதை அடக்கும் வேலை ஷாக்குக்கு இரட்டிப்பாகிறது. டயரை மாற்றிய அன்றே லிஃப்ட்டும் செய்தால், எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மென்பொருள் வேலையில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைப் போட்டுவிட்டு எதில் பிழை என்று தேடுபவரைப் பார்த்துச் சிரிப்போம். இங்கே அதை யாரும் கேட்பதில்லை.

முன்னாலும் முழு ஆக்சில் உள்ள ஜீப் ராங்ளரில் இன்னொன்றும் சேரும். ஆக்சிலைப் பிடிக்கும் கைகள் சேஸியிலிருந்து முன்னோக்கி நீள்கின்றன. உயர்த்தும்போது அவை செங்குத்தாகச் சாயும். அந்தச் சாய்விலிருந்து சக்கரம் மேலே ஏற வேண்டுமென்றால் மேட்டை நோக்கி முன்னே நகர்ந்துதான் ஏற முடியும். அந்த முட்டலை எந்த ஷாக்கும் குறைக்காது. கைகள் மாட்டும் இடத்தைக் கீழிறக்கும் பிராக்கெட் வேண்டும், அல்லது நீளமான கைகள் வேண்டும்.

அளந்தால் என்ன தெரியும்?

நண்பர் ஒருவரின் அம்மாவுக்கு முதுகுவலி. வண்டியை உயர்த்திய பிறகு அவர் பின்சீட்டில் ஏறவே மறுத்துவிட்டார். நண்பர் இரண்டு முறை ஷாக் மாற்றிவிட்டார், பலனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நின்ற நிலையில் ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளந்தோம். பிறகு சேஸியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது மறுபடி அளந்தோம். பின்பக்கம் வித்தியாசம் வெறும் 35 மி.மீ. பம்ப் ஸ்டாப் ரப்பரில் ஒட்டிய களிமண்ணோ ஒரு சுற்று ஓட்டிய பிறகும் அமுங்காமல் அப்படியே இருந்தது. மேலே இடம் கிடக்கிறது, கீழேதான் இல்லை. ஸ்பேசரை பாதி உயரத்துக்குக் குறைத்து, நீளமான ஷாக் போட்டார். அம்மா இப்போது வண்டியில் வருகிறார். இரண்டு செட் ஷாக் வீட்டில் சும்மா கிடக்கிறது.

விமர்சனம் செய்பவர்களைக் குறை சொல்வது மட்டும் என் நோக்கமில்லை. உயரம், கோணம், டயர் உரசுகிறதா என்பதையெல்லாம் அவர்கள் நன்றாகவே காட்டுகிறார்கள். பாறைப் பாதையில் அடிவயிறு தட்டாமல் போக லிஃப்ட் தேவைப்படுபவர்களும் உண்டு. உயரமே சுகத்துக்கு எதிரி என்றும் சொல்ல மாட்டேன். பாஹா 1000 பந்தயத்தில் ஓடும் டிராஃபி டிரக்குகள் எவ்வளவு உயரம்! அவற்றின் சக்கரம் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், அதனால்தான் அந்த வேகத்தைத் தாங்குகிறார்கள். நம்மூர் மலிவு கிட்டுகள் அந்த உயரத்தின் தோற்றத்தைத் தருகின்றன, பயண தூரத்தைத் தருவதில்லை.

இதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைக்கிறது. பல வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வரும்.

ஆகவே அடுத்த முறை ஒரு கிட்டைப் பரிந்துரைப்பவரிடம் இரண்டே எண்களைக் கேளுங்கள்: நின்ற நிலையிலிருந்து சக்கரம் மேலே எத்தனை மி.மீ. போகும், கீழே எத்தனை மி.மீ. போகும்? பதில் இல்லையென்றால் பர்ஸைத் திறக்க வேண்டாம். ஒரு ஜாக்கி, ஒரு டேப், கொஞ்சம் களிமண் போதும், நீங்களே அளந்துவிடலாம். ஜாக்கி ஸ்டாண்டு வைக்காமல் மட்டும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.